ஃப்ளாப்பியில் ஃபைல் பேர் தெரியுது, திறந்தால் எர்ரர்: கோளாறு டிரைவிலா, டிஸ்கிலா?

அச்சுக்கோப்பு, வேலூர்:

வணக்கம். லாங் பஜார் பக்கம் சின்ன அச்சகம். 1997லிருந்து 2002 வரைக்கும் போட்ட கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பில் புக் எல்லாம் 3.5 இஞ்ச் ஃப்ளாப்பியில இருக்கு. மொத்தம் 72. பேஜ்மேக்கர் 6.5 ஃபைல்தான் அதிகம். 11 டிஸ்க் மட்டும் ஒரே ஜிப்பை (சுருக்கின ஃபைலை) பிகேஜிப் புரோகிராம்ல பிரிச்சுப் போட்டது. இத்தனை வருஷமும் மொட்டை மாடித் தளத்துக்குக் கீழ பரண்ல அட்டைப்பெட்டியில இருந்தது.

இப்போ படிக்கிற மெஷின் பென்டியம் 133, 32 எம்பி ராம், விண்டோஸ் 98. டிஸ்க் எல்லாம் எழுதினது வேற மெஷின், ஒரு 486. அது பவர் சப்ளை போய், டிரைவோட அப்படியே மூலையில கிடக்கு.

டிஸ்கைப் போட்டா லிஸ்ட் வருது. 20, 30 கேபி ஃபைல்னா பெரும்பாலும் திறக்குது. 400 கேபிக்கு மேல போனா பாதியில கர்ர் கர்ர்னு இழுத்து நின்னுடுது. டாஸ்ல காப்பி போட்டுப் பார்த்தா சிலதுக்கு ‘டேட்டா எர்ரர்’, சிலதுக்கு ‘செக்டர் நாட் ஃபவுண்ட்’. புது டிஸ்கை இதே டிரைவ்ல ஃபார்மட் பண்ணி எழுதினா அட்சரம் பிசகாம படிக்குது. இன்னொண்ணு, அப்பப்போ ஒரு டிஸ்கை எடுத்துட்டு வேற போட்டாலும் முந்தின டிஸ்கோட லிஸ்ட்டே நிக்குது.

இதுவரை செஞ்சது: கேபிளைக் கழட்டி மாட்டினேன். ரெண்டு டிஸ்க்ல பிழை சரிபார்க்கிற ஸ்கேன்டிஸ்க் புரோகிராமை ஓட்டினேன். ரெண்டும் மொத்தமா போச்சு, இப்போ லிஸ்ட்ல குப்பை எழுத்தா வருது. கடையில கேட்டா யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்குங்கறாங்க. வாங்கலாமா? கோளாறு எதுலன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காட்பாடி486:

முதல் வேலையாக ஸ்கேன்டிஸ்க்கை விட்டுவிடுங்கள். 72 டிஸ்கையும் எடுத்து மூலையில் இருக்கும் எழுது-தடுப்பு ஓட்டையைத் திறந்து வையுங்கள். 3.5 இஞ்சில் ஓட்டை திறந்திருந்தால்தான் எழுத முடியாது, பழைய 5.25 இஞ்சுக்கு இது நேர் எதிர். பலரும் இதில் குழம்புகிறார்கள்.

நீங்கள் சொன்னதில் குறைந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு கலந்திருக்கிறது. டிஸ்கைக் கொல்லும் கோளாறு என்பதால் ‘பழைய லிஸ்ட்டே நிக்குது’ என்பதை முதலில் பார்ப்போம். டிஸ்க் மாறியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது ரிப்பன் கேபிளில் 34ஆம் பின். அந்த ஒயர் அறுந்தால் மாற்றிய சேதியே போய்ச் சேராது. விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் முந்தின டிஸ்கின் எஃப்ஏடியையே, அதாவது எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணையையே, நம்பிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எதையாவது எழுதினால், முதல் டிஸ்கின் அட்டவணை இரண்டாம் டிஸ்கின் தலையில் ஏறும். உங்கள் இரண்டு டிஸ்க் ஸ்கேன்டிஸ்க்கில் போனது இப்படித்தான் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். போனது அட்டவணை மட்டும் என்றால் உள்ளே சரக்கு அப்படியே இருக்கும். ஒரே மூச்சில் எழுதிய ஃபைலாக இருந்தால் செக்டர் வரிசையில் வெட்டி எடுக்கலாம்.

34ஆம் ஒயர் எது? கேபிளில் சிவப்புக் கோடு உள்ள ஓரம் 1. அதற்கு எதிர் ஓரத்தில் கடைசி ஒயர்தான் 34. ஓரத்தில் இருப்பதால் கேபினெட் தகட்டில் உரசி முதலில் அடிபடுவதும் அதுதான். மல்டிமீட்டரை பீப் வைக்கும் நிலையில் வைத்து இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள், கேபிளை லேசாக மடக்கி மடக்கி. விட்டு விட்டு ஒலித்தால் கேபிளை மாற்ற வேண்டியதுதான். கழற்றி மாட்டியதால் இது தீராது. புது கேபிள் வரும்வரை ஒவ்வொரு டிஸ்குக்கும் ரீபூட் செய்யுங்கள், எரிச்சலாக இருந்தாலும். ‘கெட்டது’ என்று நீங்கள் ஒதுக்கியதில் சில நல்ல டிஸ்காகவே இருக்கலாம்: லிஸ்ட் ஒரு டிஸ்கினுடையது, தேடுவது இன்னொரு டிஸ்கில் என்றால் எப்படித் திறக்கும்?

அடுத்து எர்ரர். டிஸ்கில் டிராக் என்கிற வட்டங்கள், ஒவ்வொரு டிராக்கும் செக்டர் என்கிற துண்டுகளாக. ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் ஒரு முகவரிச் சீட்டு எழுதியிருக்கும்: எந்த சிலிண்டர் (இரு பக்கத்திலும் ஒரே எண்ணுள்ள டிராக் ஜோடி), எந்தப் பக்கம், எத்தனையாவது செக்டர் என்று. அதன் பிறகுதான் 512 பைட் டேட்டா, கடைசியில் சரிபார்ப்பு எண். முகவரிச் சீட்டே கண்ணில் படவில்லை என்றால் ‘செக்டர் நாட் ஃபவுண்ட்’. சீட்டு கிடைத்து, டேட்டாவின் சரிபார்ப்பு எண் ஒத்துவரவில்லை என்றால் ‘டேட்டா எர்ரர்’. ‘ஜெனரல் ஃபெய்லியர்’ வந்தால் பெரும்பாலும் ஃபார்மட்டே புரியவில்லை. ‘நாட் ரெடி’ என்றால் டிஸ்க் சுற்றவில்லை, அல்லது கேபிள். ஒவ்வொரு டிஸ்கிலும் எந்த எர்ரர் வருகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். டிஸ்கில் எழுதிய வருஷத்தையும் பக்கத்திலேயே.

இதே டிரைவில் எழுதியது இதே டிரைவில் படிப்பதை வைத்து டிரைவ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு கோணலாக இருந்தாலும் அவரவர் கையெழுத்து அவரவருக்குப் புரியும். கடையில் ஃபார்மட் செய்தே வந்த டிஸ்க், அல்லது வேறு மெஷினில் எழுதியது ஒன்று கிடைத்தால் அதைப் படிக்கச் சொல்லுங்கள். அதுதான் பரீட்சை.

பாலாறு:

கேபிள் விஷயம் சரி. ஆனா டிஸ்கை உள்ள தள்றதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க சார். பரண்ல இருந்ததுன்னு சொல்றீங்க. கத்திரி வெயில்ல நம்ம ஊரு 40 டிகிரியைத் தாண்டும், தளத்தை ஒட்டின பரண் அதுக்கும் மேல. அந்தச் சூட்டுக்குக் காந்தப் பதிவு அழியாது, அந்தப் பயம் வேணாம். கெடறது மத்ததுதான்: லேபிள் கோந்து இளகி வழியும், உள் துணி ஒட்டும், சிலதுல நடு இரும்பு வட்டு பிலிம்ல இருந்து பெயர்ந்துக்கும். அப்புறம் ஐப்பசி மழையில ஈரம் ஏறினா பூசணம்.

ஷட்டரை விரலால ஒதுக்கி, டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு, பின்பக்க இரும்பு வட்டைச் சுத்தி முழு வட்டமும் பாருங்க. சாம்பல் நிறப் புள்ளி, பூ மாதிரி திட்டு இருந்தா பூசணம், டிரைவ்ல போடவே கூடாது. போட்டா அந்தப் பொடி டிஸ்கைப் படிக்கிற ஹெட்ல ஒட்டி, அடுத்து போடற நல்ல டிஸ்கையும் கோடு இழுக்கும். வளையமா கோடு இருந்து, வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரிஞ்சுதுன்னா பூச்சே உரிஞ்சாச்சு, அந்த டிராக்கை மறந்துடலாம். ஷட்டர் தகடு வளைஞ்சிருந்தா கழட்டி எறிஞ்சுட்டு அப்படியே போடுங்க. வளைஞ்ச ஷட்டரோட உள்ள போனா வெளிய இழுக்கும்போது மேல் ஹெட்டைப் பிச்சுக்கிட்டு வரும். லேபிள் மேல லேபிள் நாலு ஒட்டியிருந்தா அதையும் உரிச்சிடுங்க.

மூலை ஓட்டைக்கு எதிர் மூலையில இன்னொரு ஓட்டை இருக்கும், அது 1.44 எம்பின்னு காட்டறது. அந்த ஓட்டை கம்பெனி அச்சுல போட்டதா, சால்டரிங் அயர்னால சுட்டதான்னு பாருங்க. 720 கேபி டிஸ்கை விலை குறைவுன்னு வாங்கி ஓட்டை போட்டு 1.44ஆ ஓட்டினது அந்தக் காலத்துல ஊரறிஞ்ச வித்தை. அந்தப் பூச்சு அவ்வளவு நெருக்கமான எழுத்தைத் தாங்கறதுக்கானது இல்ல, வருஷம் போகப் போக மங்கும். சுட்ட டிஸ்க் எத்தனை இருக்கோ அத்தனையையும் முதல் வரிசையில வெச்சு எடுங்க. ஓட்டையை அடைக்காதீங்க, எழுதினப்ப எப்படி இருந்ததோ அப்படியே படிக்கணும்.

இப்போ ஹெட் கிளீனிங். மெடிக்கல்ல ‘ஸ்பிரிட்’னு கேட்டா என்ன கலவை தருவாங்கன்னு சொல்ல முடியாது. லேபிள்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம்னு இருக்கணும், லேப் கெமிக்கல் விக்கிற கடையில கிடைக்கும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் மூணும் கூடாது.

1. மெஷினை ஆஃப் பண்ணி டிரைவை வெளிய எடுங்க. மேல் மூடியைக் கழட்டினா ரெண்டு ஹெட்டும் வாய் மாதிரி எதிரெதிரா தெரியும்.
2. ஸ்பாஞ்ச் முனை குச்சி இருந்தா நல்லது. காது குடையற பஞ்சுக் குச்சின்னா நார் விட்டுட்டுப் போகும், கடைசியில டார்ச் அடிச்சுப் பொறுக்கணும்.
3. குச்சியை நனைச்சுப் பிழிஞ்சுட்டு கீழ் ஹெட்டை லேசா துடைங்க. மேல் ஹெட்டைக் குச்சி நுழையற அளவுக்கு மேல தூக்காதீங்க. அது காகிதம் மாதிரி மெல்லிய ஸ்பிரிங் தகட்டுல நிக்குது, ஒரு தடவை வளைஞ்சா டிரைவ் குப்பைக்குத்தான்.
4. பழுப்பா வந்தா குச்சியை மாத்திட்டு மறுபடி. வெள்ளையா வர்ற வரைக்கும்.
5. 5 நிமிஷம் காய விடுங்க.

ஹெட்டைச் சுமக்கிற வண்டி ஓடற ரெண்டு கம்பியில பழைய கிரீஸ் கெட்டியா பிசின் மாதிரி நின்னா, துடைச்சுட்டு தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையில ஒரு சொட்டு. பஞ்சர் கடைக் காத்து மட்டும் வேணாம், தண்ணியும் எண்ணெயும் சேர்ந்துதான் வரும்.

பூசண டிஸ்குக்கு: அதே ஆல்கஹாலும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஷட்டரை ஒதுக்கி ரெண்டு பக்கமும் வட்டைச் சுத்திக்கிட்டே துடைச்சு, ஃபேன் காத்துல அரை மணி. வெயில்ல வைக்காதீங்க. முதல்ல ஓரத்துல ஒரு சின்ன இடத்துல தொட்டுப் பாருங்க, குச்சியில பழுப்பு இறங்கினா பூச்சே கரையுது, நிறுத்திடுங்க. பூசணம் துணி வரைக்கும் இறங்கியிருந்தா பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்து பிலிமை மட்டும் எடுத்துத் துடைச்சு, ஒரு புது டிஸ்கோட கூட்டுல மாத்துங்க. இரும்பு வட்டு இருக்கிற பக்கம் கீழ, மாறிடக் கூடாது.

டெல்டாராஜா:

இவ்வளவு எதுக்கு, யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு வாங்கி லேப்டாப்ல சொருகினா வேலை முடிஞ்சது. நல்ல டிஸ்குக்கு அதுவே போதும்.

காட்பாடி486:

நல்ல டிஸ்குக்குப் போதும், ஒப்புக்கொள்கிறேன். இவருடைய டிஸ்க் நல்ல டிஸ்க் இல்லையே. யூஎஸ்பி டிரைவ் தானாக நாலு தடவை முயன்றுவிட்டு ‘முடியாது’ என்று ஒற்றை வார்த்தையில் திரும்பும். எந்த டிராக்கில், எந்தப் பக்கத்தில் என்று துருவிப் பார்க்க வழி விடாது. அதன் ஹெட்டை நகர்த்திச் சரிசெய்யவும் முடியாது. 34 பின் டிரைவும் அதை இயக்கும் நிஜ கன்ட்ரோலரும் கையில் இருக்கும்போது அது இரண்டாம்பட்சம்தான்.

அச்சுக்கோப்பு, வேலூர்:

எல்லாருக்கும் நன்றி. 34ஆம் ஒயர் நிஜமாவே விட்டு விட்டுத்தான் பீப் அடிச்சது. கேபிள் மாத்தினேன், பழைய லிஸ்ட் தொல்லை போச்சு. ‘கெட்டது’ன்னு வெச்சிருந்ததுல 9 டிஸ்க் ஒழுங்கா படிச்சது. ஹெட் துடைச்சதுல மேல் ஹெட்ல பழுப்பு நிறைய வந்தது. பூசணம் 6 டிஸ்க், தனியா வெச்சிருக்கேன். சுட்ட ஓட்டை 4.

அப்புறம், 34 பின் சாக்கெட் இருக்கிற கோர் 2 மெஷின் ஒண்ணு கிடைச்சது. லினக்ஸ் போட்டு டிடிரெஸ்க்யூங்கற மீட்பு புரோகிராம்ல இமேஜ் (முழு டிஸ்கோட நகல் ஃபைல்) எடுக்க ஆரம்பிச்சேன். ஆனா எது வந்தது, எது வரலைன்னு அது குறிக்கிற மேப் ஃபைல்ல வர்ற நம்பரை எப்படிப் படிக்கிறதுன்னு புரியல. 14ஆம் டிஸ்க்ல 1022976ல ஆரம்பிச்சு விட்டு விட்டு ஓட்டை, அதாவது படிக்க வராத இடம். 2000, 2001னு எழுதின டிஸ்க் பதினாறுலயும் எங்க பார்த்தாலும் ஓட்டை, ‘செக்டர் நாட் ஃபவுண்ட்’ வந்ததும் இதுங்கதான்.

திருவலம்_பாலம்:

இமேஜ் எடுப்பது சரியான வழி. டிடிரெஸ்க்யூ கட்டளையில் முதல் சுற்றுக்கு டைரக்ட் வாசிப்புக்கான ‘டி’, கெட்ட இடத்தைச் சுரண்டாமல் போவதற்கான ‘என்’, ஒரு தடவைக்கு ஒரு டிராக் மட்டும் என்பதற்கு ‘சி 18’. வந்தவரை வரட்டும். இரண்டாம் சுற்றில் அதே மேப் ஃபைலோடு ‘ஆர் 3’. முழு இமேஜ் 1474560 பைட் இருக்க வேண்டும்: 80 சிலிண்டர், 2 பக்கம், 18 செக்டர், 512 பைட். டிரைவும் டிஸ்கும் ஒரே அறையில் ஒரு நாள் இருந்த பிறகு படியுங்கள். சூட்டுக்கும் ஈரத்துக்கும் பிலிம் விரியும், டிராக் நகரும்.

இனி மேப் ஃபைல் கணக்கு. அதில் வரும் எண் பதினாறடி (ஹெக்ஸ்) முறையில் இருக்கும், கால்குலேட்டரில் சாதா எண்ணாக்குங்கள். ஒரு பக்கத்தில் ஒரு டிராக் 9216 பைட், இரு பக்கமும் சேர்ந்த சிலிண்டர் 18432. உங்கள் 1022976 ஏற்கெனவே சாதா எண்தான். அதை 18432ஆல் வகுத்தால் 55, மீதி 9216. மீதி 9216க்குக் குறைவு என்றால் கீழ் ஹெட். 9216 அல்லது அதற்கு மேல் என்றால் மேல் ஹெட். ஆக 55ஆம் சிலிண்டரில் மேல் பக்கம். அடுத்த ஓட்டைகளும் இப்படியே ஒன்று விட்டு ஒன்றாக மேல் பக்கமே வந்தால், டிஸ்க் கெடவில்லை, மேல் ஹெட் இன்னும் அழுக்கு.

அப்படியானால் லிஸ்ட் மட்டும் எப்படி வருகிறது? பூட் செக்டர் 0, எஃப்ஏடி இரண்டு பிரதியும் 1 முதல் 18, மூல டைரக்டரி 19 முதல் 32 வரை. எல்லாமே முதல் சிலிண்டரில், வெளி ஓரத்தில். டைரக்டரி முழுக்க மேல் பக்கத்தில்தான் இருக்கிறது, அதையே படிக்கிறதென்றால் மேல் ஹெட் செத்துப்போகவில்லை, மங்கியிருக்கிறது. உள்ளே போகப் போக வட்டம் சிறியது, எழுத்து நெருக்கம். போதாக்குறைக்கு 3.5 இஞ்சில் மேல் பக்க டிராக்குகள் கீழ்ப் பக்கத்தைவிட 1.5 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். ஆக ஹெட் மங்கினால் முதலில் விழுவது மேல் பக்கத்து உள் டிராக்குகள். பெரிய ஃபைல் பாதியில் நின்றதும் அதனால்தான். மேல் ஹெட்டை இன்னொரு முறை துடைத்துவிட்டு 14ஐத் திரும்ப எடுங்கள். இனி 5 டிஸ்குக்கு ஒரு முறை, போனால் பரவாயில்லை என்கிற ஒரு நல்ல டிஸ்கைப் போட்டு முழுக்கப் படியுங்கள். அது தடுமாறினால் ஹெட் மறுபடி அழுக்கு. கீச் என்று சத்தம் வந்தால் அதற்கும் காத்திருக்காமல் டிஸ்கை உடனே வெளியே எடுங்கள்.

16 டிஸ்க் கதை வேறு. இரண்டு பக்கமும், எல்லா சிலிண்டரிலும் பரவலாக, அதுவும் முகவரிச் சீட்டே கிடைக்காமல். பூசணமும் கோடும் இப்படிச் சமமாகப் பரவாது. ஒரே காலத்தில் எழுதியவை என்றும் சொல்கிறீர்கள். அந்த 486இன் டிரைவ் 2000 வாக்கில் தடத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. ஒரு டிராக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே 0.1875 மி.மீ.தான். 0.1 மி.மீ. நகர்ந்தாலே பாதி டிராக் தாண்டியாச்சு. அந்த டிஸ்கை ஒழுங்காகப் படிக்கக்கூடியது உலகத்தில் ஒரே டிரைவ், அது உங்கள் அச்சகத்து மூலையில் கிடக்கிறது. அதன் ஸ்க்ரூ எதையும் தொடாமல், சரிசெய்கிறேன் என்று இறங்காமல், அப்படியே கழற்றி கோர் 2 மெஷினில் மாட்டுங்கள்.

மாட்டும்போது கவனம். கேபிளில் முறுக்குக்கு அப்பால் உள்ள முனையில் மாட்டினால் ஏ டிரைவ். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழ். அந்த நிலையில் எந்த டிஸ்கையும் உள்ளே விடாதீர்கள். பவர் பிளக்கில் சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கருப்பு, மஞ்சள் 12 வோல்ட். தலைகீழாகத் திணித்தால் 5 போக வேண்டிய இடத்தில் 12 போய் டிரைவ் புகையும், அதோடு அந்த 16 டிஸ்கின் கதையும் முடிந்தது. டிரைவ் போர்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மாட்டுங்கள். டிரைவ் சுற்றும்போது சிவப்பு ஒயரில் மீட்டர் வையுங்கள், 4.75க்குக் கீழே இறங்கக் கூடாது. பழைய சப்ளையில் இது நிறைய நடக்கும்.

நாள்பட்ட டிரைவ் என்பதால் முதலில் ஹெட்டும் கம்பியும் பாலாறு சொன்ன மாதிரி. பிறகு வீணாய்ப்போன ஒரு டிஸ்க். அதில் கோடு விழவில்லை என்றால் நிஜ டிஸ்க்.

பாலாறு:

அந்த டிரைவ் செத்திருந்தா? சென்னை ரிச்சி தெருவுல பழைய டிரைவ் ரெண்டு வாங்குங்க, ஒண்ணைப் பலி கொடுக்கணும். ஹெட்டை நகர்த்தற ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்க்ரூ இருக்கும். முதல்ல மார்க்கர்ல இப்போ இருக்கிற இடத்தைக் கோடு போட்டுக்கோங்க. பென்டியம்ல டாஸ் போட்டு, அந்த 16ல ஒரு டிஸ்கை உள்ள வெச்சு, இமேஜ்டிஸ்க் புரோகிராம்ல அலைன்மென்ட் டெஸ்ட்டை ஓட விடுங்க. நடு சிலிண்டர்ல, 40னு வெச்சுக்கோங்க, நிறுத்திட்டு எத்தனை செக்டர் கண்ணுல படுதுன்னு காட்டிக்கிட்டே இருக்கும். ஸ்க்ரூவை அரைச் சுத்து தளர்த்தி, மோட்டாரை மயிரிழை மயிரிழையா நகர்த்துங்க. 18ம் நிலையா வர்ற இடத்துல இறுக்குங்க. இறுக்கும்போது கொஞ்சம் நகரும், மறுபடி பாருங்க. அப்புறம் 0, 79 ரெண்டுலயும் ஒரு தடவை. சிலிண்டர் நம்பர் ஒண்ணு தள்ளிக் காட்டினா ஒரு முழு டிராக் தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், திரும்பி வாங்க. இந்த டிரைவ்ல இனி எதையும் எழுதக் கூடாது. மேல பெரிசா எழுதி ஒட்டிடுங்க.

அதுவும் ஆகலைன்னா கிரீஸ்வீசில் மாதிரி ஃப்ளக்ஸ் போர்டு. அது செக்டரைத் தேடாம, ஹெட்ல வர்ற துடிப்பை அப்படியே பதிஞ்சுக்கும். ஒரு சுத்துக்கு 0.2 விநாடி, 160 டிராக், டிராக்குக்கு 5 சுத்துன்னா கிட்டத்தட்ட மூணு நிமிஷத்துல ஒரு டிஸ்க். ஒரு சுத்துல வராத செக்டர் இன்னொரு சுத்துல வந்திருக்கும், அதைச் சேர்த்துக்கலாம். ஆனா ஹெட் தடத்துல இல்லாட்டி அதுவும் குப்பையைத்தான் பதியும். அதனால மெக்கானிக்கல் வேலை முதல்ல.

அச்சுக்கோப்பு, வேலூர்:

486 டிரைவ் உயிரோட இருக்கு! துடைச்சு, எண்ணெய் விட்டு, மாட்டினேன். 16ல 13 ஒரு ஓட்டை இல்லாம முழுசா வந்தது. மீதி 3ல அங்கங்க ரெண்டு மூணு செக்டர் மட்டும் இல்ல. 14ஆம் டிஸ்கும் மேல் ஹெட்டை ரெண்டாவது தடவை துடைச்ச பிறகு சரி. ஜிப் டிஸ்க் 11ல 7ஆம் டிஸ்க்ல மட்டும் ஒரு செக்டர் வரல, அதனால மொத்த ஜிப்பும் போச்சா? இன்னொண்ணு, வந்த பேஜ்மேக்கர் ஃபைலை வேற மெஷின்ல திறந்தா தமிழுக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வருது. இதுவும் டிஸ்க் கோளாறா?

காட்பாடி486:

இரண்டாவது டிஸ்க் கோளாறே இல்லை, ஃபான்ட் இல்லாததுதான். அந்தக் காலத்து எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. பேஜ்மேக்கர் ஃபைலுக்குள் ஃபான்ட் இருக்காது, அதன் பெயர் மட்டும்தான். அந்த 486 ஹார்டு டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ முழுவதையும் இமேஜோடு சேர்த்து எடுத்து வையுங்கள். நீங்கள் பயன்படுத்திய அதே பதிப்புதான் வேண்டும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று குறியீடுகளை அறிவித்த பிறகும் கடைக்குக் கடை வேறு வேறு முறைதான் ஓடியது. ஒரு முறைக்கான ஃபான்ட் இன்னொன்றுக்கு ஆகாது. வாசகம் மட்டும் போதும் என்றால் அதை வெளியே எடுத்து என்எச்எம் கன்வர்ட்டரில் எந்தக் குறியீடு என்று சொல்லி யூனிகோடாக்கலாம்.

ஜிப் மொத்தமாகப் போகவில்லை. ஒரு செக்டர் என்பது 512 பைட். அது எந்த ஃபைலுக்குள் விழுகிறதோ அந்த ஃபைல் மட்டும்தான் போகும். பிகேஜிப் உள்ளடக்கப் பட்டியலைக் கடைசி டிஸ்கில் எழுதும், விரிக்கும்போது கடைசி டிஸ்கை முதலில் கேட்பது அதனால். உங்கள் 11ஆம் டிஸ்க் நன்றாக இருப்பது பெரிய அதிர்ஷ்டம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: பதினொன்றிலும் ஜிப் ஃபைலின் பெயர் ஒன்றே. ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதி, கடைசியாகப் போட்டது மட்டும் மிஞ்சும். தனித்தனி ஃபோல்டரில் எடுங்கள். எது எத்தனையாவது என்பதை ஒட்டிய லேபிளை நம்பாமல் வால்யூம் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள், ‘பிகேபேக் 001’ என்கிற பாணியில் எண் இருக்கும். முதல் பத்துக்கும் இசட்01 முதல் இசட்10 வரை விரிவுப்பெயர் கொடுத்து, பதினொன்றை ஜிப் என்றே விட்டு, பிறகு ஒரே இடத்தில் சேர்த்து விரியுங்கள். 7இல் வராத செக்டரின் இடத்தில் இமேஜில் பூஜ்யம் நிரம்பியிருக்க வேண்டும். அந்த 512 பைட்டை விட்டுவிட்டு நீளத்தைக் குறைத்தீர்களோ, அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் இடம் மாறிவிடும்.

திருவலம்_பாலம்:

அந்த ஒரு செக்டருக்கு இன்னொரு முயற்சி பாக்கி இருக்கிறது. 7ஆம் டிஸ்கை 486 டிரைவில் ஒரு முறை, பென்டியம் டிரைவில் ஒரு முறை, அதே இமேஜ், அதே மேப் ஃபைல் கொடுத்து ஓட்டுங்கள். ஒரு டிரைவில் வராததை மட்டும் அடுத்ததில் தேடும். பிறகு ‘ஆர்’ பெரிய எழுத்து, அதாவது பின்னிருந்து முன்னாகப் படிக்கும் திசை. ஹெட் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அந்த சிலிண்டரில் நிற்கும்போது நிற்கும் இடம் நூலிழை வேறுபடும், சில நேரம் அந்த நூலிழையே போதும். பூசண டிஸ்க் ஆறையும் கடைசியில், பென்டியம் டிரைவில் மட்டும் போடுங்கள். 486 டிரைவில் போடாதீர்கள். அந்த மூன்று டிஸ்குக்கு அது இன்னும் வேண்டும்.